பழைய இடத்தை ஏன் விட்டீர்கள்?

மதுரைத் தல்லாகுளத்தில் வேலை தேடி எந்தப் படியேறினாலும் இந்தக் கேள்வியைத் தாண்டாமல் உள்ளே போக முடியாது. "முன்னாடி எங்க இருந்தீங்க? அங்கருந்து ஏன் வந்துட்டீங்க?" அழகர்கோவில் சாலை ஷோரூமில் மேலாளர் கேட்பார். தனியார் மருத்துவமனையில் ஹெச்.ஆர். கேட்பார். நிதி நிறுவனத்தில் கிளை மேலாளர் பயோடேட்டாவைப் புரட்டியபடியே கேட்பார். சம்பளம் பத்தவில்லை, வீட்டிலிருந்து தூரம், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொன்னால் பேச்சு அடுத்ததற்குப் போய்விடும். "நிறுத்திட்டாங்க" என்பதுதான் உண்மை என்றால் என்ன செய்வது?

இதற்குக் கிடைக்கிற அறிவுரைகள் பெரும்பாலும் வேலை தேடுகிறவரின் பேச்சைத் திருத்துவதோடு நின்றுவிடுகின்றன. நிமிர்ந்து உட்காருங்கள், சிரித்த முகமாகச் சொல்லுங்கள், பழைய முதலாளியைக் குறை கூறாதீர்கள். இவை தவறான அறிவுரைகள் அல்ல. ஆனால் நேர்காணலில் ஒருவர் என்ன சொல்ல முடியும் என்பது, பழைய இடத்தில் அவரை எப்படி நிறுத்தினார்கள் என்பதிலேயே பாதிக்கு மேல் முடிவாகிவிடுகிறது. காரணத்தை எழுத்தில் கொடுத்தார்களா, விசாரணை நடந்ததா, கடைசி மாதச் சம்பளத்தோடு ஒரு சான்றிதழாவது கைக்கு வந்ததா என்பவை நாவன்மையைவிடக் கனமானவை. எனவே வேலை போன நாளிலிருந்து தொடங்கித்தான் இந்தக் கேள்வியைப் பார்க்க வேண்டும்.

வேலை பறிபோனவர்களிடம் பெருந்திரளாக எழுதி வாங்கியது ஒருமுறை நம் மாநிலத்து அரசு அலுவலகங்களிலேயே நடந்தது. ஓய்வூதியத்திலும் பிற சலுகைகளிலும் கைவைத்ததை எதிர்த்து 2003 ஜூலை தொடக்கத்தில் அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். சில நாட்களுக்குள் அத்தியாவசியப் பணிகளில் வேலைநிறுத்தத்தைத் தடுக்கும் டெஸ்மா சட்டத்தைத் திருத்தி அவசரச் சட்டம் வந்தது. சுமார் 1.7 லட்சம் பேர் ஒரே வீச்சில் வேலையிழந்தார்கள். மதுரை ஆட்சியர் அலுவலகத்தில் நேற்றுவரை கோப்பு நகர்த்தியவர்கள் மறுநாள் வாசலுக்கு வெளியே நின்றார்கள். ஆளுக்கு ஆள் குற்றச்சாட்டு இல்லை, மெமோ இல்லை, விசாரணை இல்லை. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனபோது, நிபந்தனையற்ற மன்னிப்பும், 1973-ஆம் ஆண்டு அரசு ஊழியர் நடத்தை விதிகளின் 22-ஆவது விதிக்குக் கட்டுப்படுவோம் என்ற உறுதிமொழியும் எழுதிக் கொடுத்தால் பெரும்பாலோரைத் திரும்ப எடுத்துக்கொள்வதாக அரசு சொன்னது. 2003 ஆகஸ்ட் 6 அன்று வந்த டி.கே.ரங்கராஜன் வழக்குத் தீர்ப்பு, அரசு ஊழியர்களுக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை என்று கடுமையாகவே சொன்னது. திரும்ப எடுக்கப்படாமல் நின்ற 6,072 பேரின் முறையீடுகளை ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதிகள் மூவர் கேட்பது என்று ஏற்பாடானது.

தீர்ப்பின் சரிதவறுகளை விட்டுவிட்டு, அந்த மன்னிப்புக் கடிதத்தை மட்டும் கவனிக்கிறேன். லட்சக்கணக்கானவர்கள் ஒரே வாசகத்தில் கையெழுத்திட்டார்கள். ஒருவர் ஏன் வேலையை இழந்தார் என்ற கதை அவர் வாயிலிருந்து வரவில்லை. நிறுத்தியவரே எழுதிக் கொடுத்தார், இழந்தவர் ஒப்பமிட்டார். அரசுக்கு அவர்கள் தேவைப்பட்டதால் அந்தக் கையெழுத்து அவர்களை நாற்காலிக்குத் திரும்பக் கொண்டுவந்தது. 1974 மே மாத ரயில்வே வேலைநிறுத்தத்திலும் விசாரணை இல்லாமலே பலர் நீக்கப்பட்டு, 1977-இல் ஆட்சி மாறிய பிறகு திரும்ப எடுக்கப்பட்டார்கள். கூட்டமாக வேலை இழந்தவருக்குக் கூட்டமே சாட்சி. "ஸ்ட்ரைக்ல எல்லாரையும் நிறுத்துனாங்க" என்றால் கேட்பவர் தலையசைத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போவார். தனியாக நிறுத்தப்பட்டவருக்கு அந்தச் சாட்சி இல்லை.

இந்த வித்தியாசம் ஆராயப்பட்டிருக்கிறது. ராபர்ட் கிப்பன்ஸ், லாரன்ஸ் காட்ஸ் என்ற அமெரிக்கப் பொருளியலாளர்கள் 1991-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். நிறுவனம் அடியோடு மூடப்பட்டதால் வேலை இழந்தவர்களையும், நிறுவனம் நடந்துகொண்டிருக்கும்போதே பொறுக்கி நிறுத்தப்பட்டவர்களையும் அதில் ஒப்பிட்டார்கள். அலுவலகப் பணியாளர்களிடையே, பொறுக்கி நிறுத்தப்பட்டவர்கள் அதிக காலம் வேலையில்லாமல் இருந்தார்கள். அடுத்து கிடைத்த வேலையில் சம்பளமும் குறைந்தது. யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்று பழைய முதலாளி தேர்ந்தெடுத்திருக்கிறார் என்பதையே புதிய முதலாளி ஒரு தகவலாக எடுத்துக்கொள்கிறார் என்பது அவர்கள் கொடுத்த விளக்கம். அவருக்குக் காரணம் தெரியாது. தெரியாத இடத்தை அவரே நிரப்பிக்கொள்கிறார், பெரும்பாலும் மோசமான பக்கமாக. வேலை தேடுகிறவர் போராட வேண்டியது அந்த வெற்றிடத்தோடுதான்.

நம் சட்டம் இந்த வெற்றிடத்தை அறியாததல்ல. மத்திய அரசுப் பணியாளர்களுக்கான 1965-ஆம் ஆண்டு ஒழுங்கு நடவடிக்கை விதிகளில், 11-ஆவது விதி வேலையிலிருந்து அனுப்புவதை இரண்டாகப் பிரிக்கிறது. ஒரு வகையில் அனுப்பப்பட்டவர் மறுபடி அரசு வேலைக்கு வரத் தடையில்லை. மற்றொரு வகை, நாம் டிஸ்மிஸ் என்று பேச்சில் சொல்வது, சாதாரணமாக எதிர்கால அரசு வேலைக்கே தடை. தல்லாகுளம் அஞ்சலகத்தில் வேலை பார்ப்பவருக்கு இரண்டிலுமே இன்றைய வேலை போகிறது. நாளைய வேலை மட்டும் ஒன்றில் மிஞ்சுகிறது. தண்டனையை எழுதும்போதே அடுத்த விண்ணப்பப் படிவத்தையும் நினைத்துப் பார்த்த விதி இது.

இதைவிட நுணுக்கமானது 1999-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த தீப்தி பிரகாஷ் பானர்ஜி வழக்கு. கல்கத்தாவில் ஓர் அறிவியல் ஆய்வு மையத்தில் தகுதிகாண் பருவத்தில் இருந்தவரை நிறுத்தினார்கள். நிறுத்திய கடிதம் முன்னர் அனுப்பிய கடிதங்களைச் சுட்டியது. அந்தக் கடிதங்களில் அவரைப் பற்றிய குற்றச்சாட்டுகள் இருந்தன. ஒருவர் மீது களங்கம் சுமத்துகிற ஆணையா என்று பார்க்க, ஆணையின் வாசகம் மட்டும் போதாது என்றது நீதிமன்றம். ஆணை சுட்டுகிற ஆவணங்களிலும் களங்கம் இருக்கலாம், அவற்றை வருங்கால முதலாளி ஒருவர் கேட்டு வாங்கிப் பார்க்கக்கூடும் என்று காரணமும் சொன்னது. விசாரணை இல்லாமல் அப்படிக் களங்கம் சுமத்தி அனுப்ப முடியாது. வேலை தேடி மேசைக்கு எதிரே உட்கார்ந்திருப்பவரின் நிலைமையை நீதிமன்றம் தன் அளவுகோலாகவே எடுத்துக்கொண்ட தீர்ப்பு என்பதால் இதை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஆனால் இதெல்லாம் காகிதம் புழங்குகிற உலகம். தல்லாகுளத்திலும் சொக்கிகுளத்திலும் கோரிப்பாளையத்திலும் உள்ள கடைகள், அலுவலகங்களில் மனிதர்கள் பெரும்பாலும் வாய்ச்சொல்லால் நிறுத்தப்படுகிறார்கள். "நாளையிலருந்து வர வேணாம்ப்பா." அவ்வளவுதான். கணக்கை முடித்து மீதிச் சம்பளத்தைக் கையில் கொடுத்தால் நல்ல முதலாளி. வேலைக்குச் சேரும்போது வாங்கி வைத்த அசல் சான்றிதழைத் திருப்பிக் கேட்க நடையாய் நடக்க வேண்டியிருந்தால், ஊரில் அதற்கும் ஆச்சரியப்படுவார் இல்லை.

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-இல் வந்தது. அதன் 41-ஆவது பிரிவு, ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணம் இல்லாமல் நிறுத்தக் கூடாது, ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கு ஈடான சம்பளமோ தர வேண்டும் என்கிறது. தவறு செய்தார் என்பதற்காக முன்னறிவிப்பில்லாமல் அனுப்ப வேண்டுமானால், அதற்கென விசாரணை நடத்திச் சாட்சியத்தைப் பதிவு செய்திருக்க வேண்டும். நிறுத்தப்பட்டவர் தொழிலாளர் துறையில் மேல்முறையீடு செய்யலாம். அதற்குக் கெடு 30 நாள். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. ஆனால் ஜவுளிக்கடை விற்பனையாளருக்கும் கணக்கு எழுதுகிறவருக்கும் பொருந்தும். இந்தப் பிரிவு உயிரோடு இருப்பது அவர்களில் பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும், கேஸ் போட்டவன் என்று பெயரெடுத்தால் ஊரில் வேறு யாரும் எடுக்க மாட்டார்கள் என்று ஒதுங்கிவிடுகிறார்கள்.

அந்தப் பயம் கற்பனையல்ல. மதுரையில் ஒரே தொழிலில் இருக்கிற முதலாளிகள் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். சங்கக் கூட்டத்திலும் கல்யாண வீட்டிலும் சந்திப்பவர்கள். பயோடேட்டாவில் பழைய கடையின் பெயரைப் பார்த்ததும் புதியவர் செய்கிற முதல் காரியம் ஒரு போன். "நம்ம பையன் ஒருத்தன் வந்திருக்கான், உங்ககிட்ட இருந்தவனாம். ஆள் எப்படி?" மறுமுனையிலிருந்து வரும் பதில் எங்கும் பதிவாவதில்லை. யாரைப் பற்றிய பேச்சோ அவருக்கு அது தெரிவதுமில்லை. "கை சுத்தம் இல்லை" என்று மூன்று சொல்லில் ஒரு வாழ்க்கை முடிந்துபோகலாம், கல்லாவில் பணம் குறைந்த அன்று வேறு யாரோ எடுத்திருந்தாலும்கூட.

பழைய முதலாளியின் சொல் இல்லாமல் புதிய இடத்தில் நுழைய முடியாத நிலை நம் மக்களுக்குப் பழக்கமானதுதான். மதுரை, திருச்சி, ராமநாதபுரம் சமவெளிகளிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்கள் துண்டு முறையில் சிக்கினார்கள். ஆள் சேர்த்துக் கூட்டிப்போகும் கங்காணியிடம் வாங்கிய முன்பணம் கடனாக நிற்கும். அந்தக் கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவிக்கிறேன் என்று தோட்டத்துரை எழுதித் தரும் சீட்டுதான் துண்டு. துண்டு இல்லாமல் அடுத்த தோட்டம் சேர்க்காது. 1921-ஆம் ஆண்டுச் சட்டம் துண்டை ஒழித்தது. ஆனாலும் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகப் பற்றுச்சீட்டு தேவைப்பட்டது. சங்கம் வைத்தவர்களையும் எதிர்த்துப் பேசியவர்களையும் பற்றுச்சீட்டைக் கையில் கொடுத்துக் குடும்பத்தோடு வெளியேற்றுவது தோட்டத்துரைகளின் ஆயுதமாக இருந்தது. அந்தச் சீட்டையாவது கண்ணால் பார்க்க முடிந்தது. இன்றைய போன் பேச்சைப் பார்க்க முடியாது.

இதே ஊரில் இப்போது இன்னொரு சாட்சியும் உண்டு. சொக்கிகுளம் லேடி டோக் கல்லூரிச் சாலையில் வருங்கால வைப்பு நிதி அலுவலகம் இருக்கிறது. உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒரே எண்ணாக 2014-இல் வந்த யு.ஏ.என்., ஒருவர் எந்த நிறுவனத்தில் என்றைக்குச் சேர்ந்தார், என்றைக்கு விலகினார் என்பதை ஒரே கணக்கில் கோத்துவிட்டது. 20 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற இடமென்றால் பி.எஃப். கட்டியாக வேண்டும்; பெரிய நிறுவனங்களுக்காகப் பின்னணி சரிபார்க்கிறவர்கள் முதலில் கேட்பது இந்த வரலாற்றைத்தான். மூன்று மாத இடைவெளியை மறைக்க மாமா கடையில் இருந்தேன் என்று எழுதியதும், எட்டு மாத வேலையை ஒன்றரை வருடமாக நீட்டியதும் அங்கே பிடிபடும். அதே பதிவு வேலை தேடுகிறவருக்கு ஆறுதலும் தருகிறது. விலகலுக்குக் காரணமாக நிறுவனம் குறிக்கிற பட்டியலில் ஓய்வு, இறப்பு, ஊனம், பணி முடிவு என்பது போன்ற பொதுத் தலைப்புகள்தான். சண்டை போட்டார், திருடினார் என்று எழுத அங்கே இடம் கிடையாது. பழைய இடத்தார் விலகிய தேதியைப் போடாமல் இழுத்தடித்தால், கடைசியாகப் பணம் கட்டி இரண்டு மாதம் ஆன பிறகு உறுப்பினரே போட்டுக்கொள்ளும் வசதி 2020 ஜனவரியில் வந்துவிட்டது. நேர்காணலுக்குப் போகுமுன் தன் யு.ஏ.என். பக்கத்தைத் திறந்து தேதிகளைப் பார்த்துக்கொள்ளாதவர், தன் கதையைப் பிறர் படித்த பிறகே தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும்.

இனி, சொல்ல வேண்டியதைச் சொல்வது. படிவத்தில் எழுதுவதும் வாயால் சொல்வதும் ஒன்றல்ல. "இதற்கு முன் எங்காவது வேலையிலிருந்து நீக்கப்பட்டிருக்கிறீர்களா?" என்று படிவம் நேராகக் கேட்டால் ஆம் என்பது ஆம்தான். 2016-இல் அவதார் சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு, குற்ற வழக்குகளை மறைத்து வேலைக்குச் சேர்ந்தவர்கள் பற்றி விரிவாகப் பேசியது. கொடுக்கிற தகவல் உண்மையாக இருக்க வேண்டும். மறைத்தது தெரிந்தால் முதலாளி இயந்திரத்தனமாக நீக்காமல் விஷயத்தின் தன்மையை எடைபோட வேண்டும். வேண்டுமென்றே மறைத்தது தனியாகவே ஒருவரை வெளியேற்றப் போதுமான காரணமாகலாம் என்பது அதன் சாரம். குற்ற வழக்குக்குச் சொன்னதுதான் என்றாலும் அந்த நியாயம் இங்கும் செல்லும். பழைய வேலை போன காரணம் நாளாக நாளாக மங்கும். எழுத்தில் சொன்ன பொய்யோ, பத்து வருடம் கழித்து வெளிவந்தாலும் அன்று சொன்ன பொய்யாகவே நிற்கும். படிவம் கேட்காததை வலியப்போய் எழுத வேண்டியதும் இல்லை. பயோடேட்டாவில் தேதிகள், பதவி, செய்த வேலை போதும்.

நேரில் கேட்கும்போது மூன்று நான்கு வாக்கியங்களுக்கு மேல் தேவைப்படாது. டார்கெட் முடிக்காததால் நிறுத்தப்பட்ட ஒரு விற்பனைப் பிரதிநிதி இப்படிச் சொல்லலாம்: "மூணு மாசம் டார்கெட் முடிக்கலை சார், அதனால நிறுத்திட்டாங்க. வீடு வீடா ஏறி விக்கிறது எனக்குச் சரியா வரலை. அங்கயே ஸ்டாக் கணக்கும் நான்தான் பாத்தேன், அதுல ஒரு தப்பும் வந்ததில்லை. இங்க அந்த வேலைக்குத்தான் வந்திருக்கேன்." காரணத்தைத் தானே சொல்லிவிட்டதால் வெற்றிடம் அடைபடுகிறது, கேட்பவர் போன் போட்டாலும் இதைவிட மோசமாக எதுவும் வராது. முதலாளியோடு வாக்குவாதம் முற்றி வெளியேற நேர்ந்தவருக்கு இது கடினம். தன் பக்க நியாயத்தை முழுதும் சொல்லத் துடிப்பார். சொல்லச் சொல்ல, எதிரில் இருப்பவர் தன்னையும் நாளை இப்படித்தான் பேசுவார் என்று நினைக்கத் தொடங்குவார். "ஓவர்டைம் காசு விஷயத்துல எங்களுக்குள்ள ஒத்துப்போகலை, அதுல வேலை போச்சு" என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். அது பொய்யுமல்ல, புலம்பலுமல்ல.

கல்லாப் பணம், சரக்குக் காணாமல் போனது போன்ற குற்றச்சாட்டோடு அனுப்பப்பட்டவருக்கு என்ன வழி? செய்யாதவர் என்றால் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்வதுதான் அவருடைய முதல் பதில் என்று நினைக்கிறேன். நேர்காணலில் "என் மேல புகார் சொன்னாங்க, விசாரணை நடத்தலை, நான் மேல்முறையீடு போட்டிருக்கேன்" என்று சொல்ல முடிகிறவர் வேறு. "அப்படியெல்லாம் இல்ல சார்" என்று மட்டும் சொல்ல முடிகிறவர் வேறு. உண்மையிலேயே தவறு செய்தவருக்கு வாய்ப்பு குறைவுதான். கல்லாவுக்கும் சரக்கறைக்கும் பக்கத்தில் இல்லாத வேலையைத் தேடி, நடந்ததை ஒருவரிடமாவது நேராகச் சொல்லி உள்ளே போகிறவர்களே பிறகு நிலைக்கிறார்கள்.

"நீயே எழுதிக் கொடுத்துட்டா எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட் தர்றோம், இல்லைன்னா டிஸ்மிஸ்" என்ற பேரம் இப்போது ஷோரூமிலிருந்து ஐ.டி. நிறுவனம்வரை சகஜம். 2025 ஜூலையில் டி.சி.எஸ். சுமார் 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தபோதும், கட்டாயப்படுத்தி ராஜினாமா வாங்குகிறார்கள் என்று ஊழியர் அமைப்புகள் புகார் செய்தன. எழுதிக் கொடுப்பவர் அடுத்த நேர்காணலை எளிதாக்கிக்கொள்கிறார். மேல்முறையீட்டு உரிமையைப் பெரும்பாலும் அங்கேயே விட்டுவிடுகிறார். எழுதிக் கொடுக்க மறுத்துப் போராடுபவருக்கு வேறொரு முடிச்சு. சட்டவிரோதமாக நீக்கப்பட்டவருக்குப் பின்சம்பளம் உண்டு என்று 2013-இல் தீபாலி குண்டு சுர்வசே வழக்கில் உச்ச நீதிமன்றம் வலுவாகச் சொன்னது. அந்தப் பின்சம்பளம் பெற, இடைக்காலத்தில் தனக்கு வேறு வருமானமுள்ள வேலை இல்லை என்று அவர் சொல்ல வேண்டும். வழக்கு ஆண்டுக்கணக்கில் நடக்கும். அதுவரை குடும்பம் சாப்பிட வேண்டும். கையில் குழந்தையோடு ஒரு பெண் இந்த இரண்டில் ஒன்றை ஒரே பிற்பகலில், மேலாளர் அறையில் நின்றபடி முடிவு செய்ய வேண்டியிருப்பதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. ஒரு நாள் அவகாசம் கேட்பதும், கையெழுத்திடுமுன் தாளைப் படம் எடுத்துக்கொள்வதும் அந்த நேரத்தில் அவரால் முடிந்த பாதுகாப்பு.

அமெரிக்காவிலும் இஸ்ரேலிலும் வேலையிழந்த அலுவலகப் பணியாளர்களை ஒப்பிட்டுச் சமூகவியலாளர் ஓஃபர் ஷரோன் 2013-இல் ஒரு நூல் எழுதினார். அமெரிக்கர்கள் வேலை கிடைக்காததற்குத் தங்களையே குற்றம் சொல்லிக்கொண்டார்கள்; இஸ்ரேலியர்கள் ஏற்பாட்டைக் குறை சொன்னார்கள். அமெரிக்காவில் நேர்காணல், மனிதர் எப்படி, ஒத்துப்போவாரா என்று தேடுகிறது. இஸ்ரேலில் தகுதிப் பட்டியலைப் பார்க்கிறது. ஆளையே எடைபோடுகிற இடத்தில் மறுப்பும் ஆளின் மீதே விழுகிறது. "ஆள் எப்படி?" என்று போனில் கேட்கிற நம் ஊர் வழக்கமும் அந்த அமெரிக்க வகையைச் சேர்ந்ததே, இன்னும் நெருக்கமாக.

இதற்கு மாற்று இருக்கிறது. ஜெர்மனியில் வேலையை விட்டுப் போகும் ஒவ்வொருவருக்கும் எழுத்துச் சான்று பெறும் உரிமை உண்டு. அதில் வெளிப்படையாகச் சொல்வதற்கு மாறான பொருளை மறைத்து வைக்கும் வாசகங்கள் கூடாது என்று அங்குள்ள தொழில் ஒழுங்குச் சட்டத்தின் 109-ஆவது பிரிவு தடுக்கிறது. நம்மிடமும் 1946-ஆம் ஆண்டு நிலையாணைகள் சட்டத்தின் கீழ் வந்த மத்திய மாதிரி நிலையாணைகளில் ஒரு வரி இருந்தது: நிரந்தரத் தொழிலாளி நீக்கப்பட்டாலும், விடுவிக்கப்பட்டாலும், ஓய்வுபெற்றாலும் பணிச் சான்றிதழ் பெற உரிமையுடையவர். நீக்கப்பட்டவருக்கும் என்று அதில் தெளிவாகவே இருந்தது. ஆனால் அந்தச் சட்டம் 100 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற ஆலைகளுக்கானது. அதன் இடத்துக்கு வந்த புதிய தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு அந்த எல்லையை 300 ஆக உயர்த்திவிட்டது. பத்துப் பன்னிரண்டு பேர் வேலை பார்க்கிற தல்லாகுளத்துக் கடைக்கு அது எட்டவே எட்டாது.

எட்டக்கூடியது கடைகள் சட்டம். நாள் முழுதும் நின்றே வேலை பார்த்த கடைப் பணியாளர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் அதே சட்டத்தைத் திருத்தித்தான் தமிழ்நாடு ஒரு பிரிவைச் சேர்த்தது. பணிச் சான்றிதழுக்கும் அதில் ஒரு பிரிவைச் சேர்க்கலாம். வேலை எப்படி முடிந்திருந்தாலும் ஏழு நாளுக்குள் சேர்ந்த தேதி, விலகிய தேதி, பார்த்த வேலை மூன்றும் எழுதிய தாள் கைக்கு வர வேண்டும். விலகிய காரணம், தொழிலாளி கேட்டால் மட்டுமே அதில் இடம்பெற வேண்டும். காரணம் தவறென்றால் மேல்முறையீட்டுக் கெடு அந்தத் தாள் கிடைத்த நாளிலிருந்து ஓட வேண்டும். அப்படி ஒரு பிரிவு வரும்வரை, நிறுத்தப்பட்ட அதே வாரத்தில் இந்த மூன்றையும் கேட்டுப் பழைய முதலாளிக்கு ஒரு கடிதம் எழுதி, ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளலாம். பதில் வராவிட்டாலும், கேட்டோம் என்பதற்கு அந்த ரசீது இருக்கும்.